பெயர் உள்ளே, முகவரி வெளியே

வேலூரில், பொறியியல் மாணவர்களும் தோல், காலணித் தொழிற்சாலைகளின் கம்ப்யூட்டர் பிரிவினரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



"டேட்டாபேஸுக்கு இணைப்புக் கொடுப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன சார் இருக்கிறது?" என்று வாசலில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்ட், டிரைவரின் பெயர் என்று நாலு வரி எழுதினால் இணைப்புக் கிடைத்துவிடும். அந்த நாலு வரியை யார் எழுதுவது, எங்கே எழுதுவது என்பதில்தான் ஜாவா உலகத்தில் இருபத்தைந்து ஆண்டாகத் தகராறு. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

இந்த வட்டாரத்தில் ஏன் பேச வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு லாட் தோல் எப்படிப் போகிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உப்புத்தோலாக வந்து இறங்குகிறது. ஊறவைத்து, சுண்ணாம்பு போட்டு, சதை நீக்கி, பிக்கிள் செய்து, டிரம்மில் குரோம் ஏற்றினால் வெட் ப்ளூ. ஷேவிங் முடிந்து, சாயமும் எண்ணெயும் ஏறினால் கிரஸ்ட். அதற்குப் பிறகு ஃபினிஷிங். அங்கிருந்து ஷூ கம்பெனிக்குப் போய் கட்டிங், அப்பர் தையல், லாஸ்டிங். இத்தனை கை மாறினாலும் லாட் எண் மட்டும் கூடவே போக வேண்டும்.

ஒரு காலத்தில் அந்த எண் மேஸ்திரியின் நோட்டில் இருந்தது. பாதி அவர் தலைக்குள் இருந்தது. இப்போது அது போதாது. உடம்பில் படுகிற தோல் பொருளில் ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்துச் சந்தையில் விற்கக் கூடாது என்ற விதி 2015 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு ஜோடி ஷூவில் சோதனை தவறினால், அது எந்த லாட், எந்த டிரம், எந்தத் தேதி என்று வாங்குகிறவர் கேட்பார். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றி 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புத் தந்ததிலிருந்து கழிவுநீருக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்தது. அதன் பின்னால் இ-வே பில்லும் மின்னணு இன்வாய்ஸும் வந்தன. ஆக, தோல் தொழிலில் இன்று சரக்கோடு தகவலும் சேர்ந்தே நகர்கிறது. அந்தத் தகவல் ஏதோ ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. அதற்கு முன்னால் பல இடங்களில் ஒரு ஜாவா சர்வர் நிற்கிறது.

எந்த ஜாவா சர்வர்? இங்கேதான் நம் தலைப்பு தொடங்குகிறது. சாஃப்ட்வேர் எழுதுகிற பையன் சென்னையில் தன் லேப்டாப்பில் டாம்கேட் வைத்திருக்கிறான். குழுமத்தின் தலைமை அலுவலகம் ஆரக்கிள் டேட்டாபேஸோடு சேர்த்து வெப்லாஜிக்கும் வாங்கிவிட்டது. ஆம்பூர் யூனிட்டில் லைசென்ஸ் செலவு வேண்டாம் என்று ஜேபாஸ் போட்டார்கள். அது பின்னால் வைல்ட்ஃப்ளை என்று பெயர் மாறியது. இன்னொரு யூனிட்டை வாங்கியபோது அங்கே ஏற்கெனவே வெப்ஸ்பியர் ஓடிக்கொண்டிருந்தது. நாலு இடத்திலும் ஒரே சாஃப்ட்வேர் ஓட வேண்டும் என்கிறார் முதலாளி. அவர் கேட்பதில் தப்பில்லை. எங்கும் ஓடும் என்று சொல்லித்தான் ஜாவாவை விற்றார்கள்.

ஓடுகிறதா? தொழிற்சாலைகளில் நான் அடிக்கடி பார்க்கிற ஒரு காட்சியைச் சொல்கிறேன். புது சர்வர் வாங்கியிருப்பார்கள். டேட்டாபேஸை அதற்கு மாற்றியிருப்பார்கள். பழைய பெட்டியை அணைத்துவிடலாம் என்று அணைத்த மறு நிமிடம் சம்பளப் பட்டியல் நிற்கும், கேட் பாஸ் நிற்கும், கட்டிங் செக்ஷனில் பார்கோடு வாசிப்பது நிற்கும். தேடிப் பார்த்தால் 192.168 என்று தொடங்குகிற பழைய முகவரி ஜாவா கோடுக்குள் நூறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். சில இடத்தில் பாஸ்வேர்டும் பக்கத்திலேயே இருக்கும். எழுதின கம்பெனி போன் எடுக்காது. கடைசியில் என்ன செய்வார்கள் தெரியுமா? புது சர்வருக்குப் பழைய சர்வரின் முகவரியையே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சிரிக்கிறீர்கள், உங்களில் பாதிப் பேர் இதைச் செய்திருக்கிறீர்கள்!

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1997இல் ஜேடிகே 1.1உடன், ஜாவா டேட்டாபேஸோடு பேசுவதற்கான ஜேடிபிசி வந்தது. அதில் இருந்த ஒரே வழி டிரைவர்மேனேஜர். முகவரி, பயனர், பாஸ்வேர்ட் மூன்றையும் கோடிலிருந்து நேரே கொடுத்து இணைப்பைக் கேட்க வேண்டும். கல்லூரிப் பாடத்தில் இன்றும் அதைத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள். பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்; பல இடத்தில் கடைசியிலும் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். பாடத்துக்கு அது போதும். நூறு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிற இடத்துக்குப் போதாது. புதிதாக ஒரு இணைப்பு என்றால் நெட்வொர்க்கில் கைகுலுக்கல், பாஸ்வேர்ட் சரிபார்ப்பு, டேட்டாபேஸ் பக்கம் இடம் ஒதுக்கல் எல்லாம் நடக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒரு பிராசஸே பிறக்கிறது. ஒவ்வொரு பார்கோடு வாசிப்புக்கும் இதைச் செய்தால் எந்தப் பெட்டி தாங்கும்?

அதனால் டேட்டாசோர்ஸ் என்ற ஏற்பாடு வந்தது. 1999 டிசம்பரில் ஜே2இஇ 1.2 வெளியானபோது அது ஒழுங்கு முறையாகவே ஆகிவிட்டது. இணைப்புகளை சர்வரே திறந்து ஒரு பூலில் வைத்திருக்கும். கோடு பெயரைச் சொல்லிக் கேட்கும், சர்வர் ஒன்றை எடுத்துக் கொடுக்கும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும். அந்தப் பெயரைத் தேடித் தருகிற சேவைக்கு ஜேஎன்டிஐ என்று பெயர்.

ஜே2இஇ விதிமுறையைப் பொறுமையாகப் படித்தால் ஒன்று தெரியும். தொழில்நுட்பத்தைச் சொல்வதற்கு முன்பே அது ஆட்களின் வேலையைப் பிரித்துவிடுகிறது. கோடு எழுதுகிறவர் ஒருவர். துண்டுகளைச் சேர்த்துக் கட்டுகிறவர் ஒருவர். சர்வரில் நிறுவுகிறவர் ஒருவர். சர்வரைத் தினமும் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர். கோடு எழுதுகிறவருக்கு டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று தெரியவே கூடாது. நம் ஊரில் இந்த நாலு பேரும் ஒரே ஆள்; அவரேதான் பிரிண்டருக்கு டோனரும் மாற்றுகிறார் என்பது வேறு விஷயம். ஆள் ஒருவரானாலும் வேலை நாலுதான். அதை மறந்த இடத்தில்தான் நூறு இடத்தில் முகவரி ஏறிக்கொள்கிறது.

வெட் ப்ளூவை ஜாப் ஒர்க்குக்கு விடும்போது சீட்டில் என்ன எழுதுகிறோம்? இன்ன லாட், இன்ன கனம், இன்ன நிறத்தில் கிரஸ்ட் வேண்டும் என்று எழுதுகிறோம். எந்த டேனரி, எந்த டிரம் என்று ஷூ டிசைனர் எழுதுவதில்லை. இந்த வாரம் எங்கே டிரம் காலியாக இருக்கிறது என்று பார்த்து புரொடக்ஷன் மேனேஜர் அதை முடிவு செய்கிறார். டிசைனர் தன் வரைபடத்தில் டேனரியின் கதவு எண்ணை எழுதினால் என்ன சொல்வீர்கள்? கோடுக்குள் 192.168 எழுதுவதும் அதுதான்.

இனி, எப்படி எழுதுவது என்று பார்ப்போம். மூன்று இடம் இருக்கிறது.

முதல் இடம் கோடு. அதில் ஒரு பெயர் மட்டும். 'ஜேடிபிசி/லாட்' என்று வைத்துக்கொள்வோம். கோடு அதை 'ஜாவா:காம்ப்/என்வ்' என்ற கிளைக்குக் கீழே தேடும். அந்தக் கிளை அந்த சாஃப்ட்வேருக்கு மட்டுமே சொந்தம். பக்கத்தில் ஓடுகிற சம்பள சாஃப்ட்வேரும் 'ஜேடிபிசி/லாட்' என்று ஒன்றை வைத்திருந்தாலும் இரண்டும் மோதாது.

இரண்டாவது இடம் வெப்.எக்ஸ்எம்எல். "எனக்கு இந்தப் பெயரில், டேட்டாசோர்ஸ் வகையில் ஒன்று வேண்டும், உள்ளே நுழையும் அடையாளத்தை சர்வரே பார்த்துக்கொள்ளட்டும்" என்று ரிசோர்ஸ்-ரெஃப் பகுதியில் சொல்லிவிடுகிறோம். மூன்றே வரி. இது எல்லா சர்வருக்கும் பொது. இது வேண்டுகோள் மட்டும்தான். விடை இங்கே இருக்காது.

மூன்றாவது இடம் அந்தந்த சர்வரின் சொந்தப் பகுதி. விடை இங்கே இருக்கிறது. விதிமுறை எழுதியவர்கள் இதை வேண்டுமென்றேதான் கம்பெனிகளின் கையில் விட்டார்கள். அதனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி செய்தார்கள். வெப்லாஜிக்கில் வெப்லாஜிக்.எக்ஸ்எம்எல் என்ற ஃபைலில் உள்பெயருக்கு எதிரே சர்வரின் பொதுப்பெயரை எழுத வேண்டும். ஜேபாஸில் ஜேபாஸ்-வெப்.எக்ஸ்எம்எல். கிளாஸ்ஃபிஷ் என்ற சர்வரில் முதலில் சன்-வெப்.எக்ஸ்எம்எல் என்று இருந்து, பிறகு கிளாஸ்ஃபிஷ்-வெப்.எக்ஸ்எம்எல் ஆனது. வெப்ஸ்பியரில் இதற்குத் தனி ஃபைல் உண்டு. எழுதாவிட்டாலும் நிறுவும்போது எந்தப் பெயரை எதோடு சேர்க்க வேண்டும் என்று திரையிலேயே கேட்கும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நிறுவுகிறவரின் வேலையை நிறுவுகிறவரிடமே கேட்கிறது.

சாஃப்ட்வேரைக் கட்டி அனுப்புகிற ஒரே வார் ஃபைலுக்குள் இந்த ஃபைல்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். ஒரு சர்வர் தன் ஃபைலை மட்டும்தான் படிக்கும். மற்றவற்றைத் திரும்பிப் பார்க்காது. அவற்றில் பெயருக்கு எதிரே பெயர்தான் இருக்கிறது, முகவரி இல்லை. ஆகவே கசிவதற்கும் ஒன்றுமில்லை.

டாம்கேட் மட்டும் கொஞ்சம் தனி. அதில் உள்பெயரும் வெளிப்பெயரும் ஒன்றாக இருந்தால் நடுவில் எதுவும் வேண்டாம். கான்டெக்ஸ்ட் ஃபைலில் ரிசோர்ஸ் என்று எழுதினால் முடிந்தது. அந்தச் சௌகரியத்தில்தான் ஆபத்து இருக்கிறது. கான்டெக்ஸ்ட் ஃபைலை வார் ஃபைலுக்குள் மெட்டா-இன்ஃப் அடியிலேயே வைக்கலாம் என்பதால் எல்லோரும் அங்கேயே வைக்கிறார்கள், பாஸ்வேர்டோடு. வெளியே துரத்திய முகவரி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. டாம்கேட்டின் கான்ஃப் அடியில், கேட்டலினா, லோக்கல்ஹோஸ்ட் என்று இறங்கினால் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு ஃபைல் வைக்க இடம் இருக்கிறது. அங்கே வையுங்கள். வார் ஃபைலை யார் காப்பி எடுத்தாலும் பாஸ்வேர்ட் போகாது.

இந்த மூன்று படி எதற்கு, சுருக்கமாக முடிப்போம் என்று நினைப்பவர்கள் சர்வரின் பொதுப்பெயரையே கோடில் எழுதுவார்கள். ஜேபாஸில் 'ஜாவா:/' என்று தொடங்கும் பெயர். ஜேபாஸ் 7 வந்த பிறகு 'ஜாவா:ஜேபாஸ்/டேட்டாசோர்சஸ்' என்று தொடங்கும் பெயர். அங்கே ஓடும். அதே வார் ஃபைலை டாம்கேட்டில் போட்டால் பெயர் கிடைக்கவில்லை என்று விழும். சர்வரை மாற்றுவது இருக்கட்டும், அதே சர்வரின் அடுத்த பதிப்புக்குப் போனாலே தகராறு வரும். மூன்று வரி மிச்சம் பிடித்ததற்கு மூன்று நாள் வேலை.

இந்தத் தொல்லையைத் தீர்க்க 2009 டிசம்பரில், ஜே2இஇயின் வழிவந்த ஜாவா இஇ 6 ஒரு வழி சொன்னது. டேட்டாசோர்ஸ்டெஃபினிஷன் என்ற குறிப்பைக் கோடிலேயே எழுதலாம். சர்வரின் பெயர், போர்ட், டேட்டாபேஸின் பெயர், பயனர், பாஸ்வேர்ட் எல்லாம் அதில் வரும். ஜாவா இஇ 6 விதிமுறையைப் பின்பற்றும் எந்த சர்வரில் போட்டாலும் அதுவே டேட்டாசோர்ஸை உருவாக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட சர்வர்களில் ஓடுகிறதா என்று கேட்டால், ஓடுகிறது; வெறும் டாம்கேட் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாது. ஆனால் எந்த முகவரியை வெளியே அனுப்பப் பத்து ஆண்டு பாடுபட்டோமோ, அது மறுபடியும் கோடுக்குள் வந்துவிட்டது, பாஸ்வேர்டையும் கூட்டிக்கொண்டு. பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு மறைபெயரை எழுதலாம் என்று சில சர்வர்கள் வசதி கொடுத்தன. அந்த வசதி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. ஆகவே ஒரே கோடு எங்கும் ஓடும் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. சோதனைக்கும், வகுப்பறைக்கும், ஒரு நாள் டெமோவுக்கும் அந்தக் குறிப்பு நல்லது. தொழிற்சாலைக்கு வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

அதே ஜாவா இஇ 6 செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. ரிசோர்ஸ்-ரெஃபிலேயே லுக்கப்-நேம் என்று ஒரு வரி எழுத இடம் கொடுத்தது. நடுவில் இருக்கும் தனி ஃபைலுக்கு வேலை குறைந்தது. 'ஜாவா:குளோபல்', 'ஜாவா:ஆப்' என்று பொதுவான கிளைகளும் வந்தன.

2013இல் ஜாவா இஇ 7 வந்தது. புதிதாகக் கற்கிறவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு டேட்டாசோர்ஸை சர்வரே முன்கூட்டி வைத்திருக்க வேண்டும் என்றது. எந்த டேட்டாபேஸோடு சேர்க்க வேண்டும் என்று நிறுவுகிறவர் சொல்லாமல் விட்டால் அதோடு சேர்த்துவிடும். இதில் உள்ள குழியைப் பாருங்கள். வைல்ட்ஃப்ளையில் அப்படிக் கிடைப்பது எச்2 என்ற சின்ன டேட்டாபேஸ். அதுவும் மெமரியில் மட்டும் இருப்பது. டேபிளை சாஃப்ட்வேரே உருவாக்கிக்கொள்ளும்படி எழுதியிருந்தால் எந்தத் தவறும் கண்ணில் படாது. காலையிலிருந்து லாட் எண்களை அடிக்கிறார்கள்; பட்டியலில் எல்லாம் தெரிகிறது. சாயங்காலம் சர்வரை ஒருமுறை நிறுத்தி எடுத்தால் பட்டியல் காலி. பிழைச் செய்தி வந்திருந்தால் காலையிலேயே பிடித்திருக்கலாம். உற்பத்தி சர்வரில் அந்த எடுத்துக்காட்டு டேட்டாசோர்ஸை நீக்கிவிடுங்கள். பெயர் சேராவிட்டால் சாஃப்ட்வேர் எழும்பவே கூடாது.

அடுத்தது பூல். பெயர் சரியாகச் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால் பாதித் தொல்லை அதற்குப் பிறகுதான். பூலின் அமைப்புகளுக்குப் பொதுப்பெயரே கிடையாது. ஒரே சர்வரின் இரண்டு பதிப்புக்குள்ளேயே மாறும்.

டாம்கேட் 7இல் அதிகபட்ச இணைப்பை மேக்ஸ்ஆக்டிவ் என்று எழுதினோம். டாம்கேட் 8இல் உள்ளே இருக்கும் பூல் மாறியது. அதே அமைப்புக்கு மேக்ஸ்டோட்டல் என்று பெயர் வந்தது. பழைய ஃபைலை அப்படியே தூக்கி வைத்தால் என்ன ஆகும்? சர்வர் எழும்பும். லாகில் ஒரு எச்சரிக்கை மட்டும் வரும்: மேக்ஸ்ஆக்டிவ் இப்போது பயனில் இல்லை, நீங்கள் கொடுத்த எண்ணை எடுத்துக்கொள்ளவில்லை, இயல்பான எண் 8 என்று சொல்லும். லாகை யார் பார்க்கிறார்கள்? 40 என்று எழுதியிருந்தோம். அது 8 ஆகிவிட்டது. காத்திருக்கும் நேரத்துக்கான அமைப்பும் பெயர் மாறியதால் அதுவும் போய்விட்டது; இயல்பாக அது முடிவில்லாமல் காத்திருக்கும். எட்டு பேர் இணைப்பைப் பிடித்திருக்கிறார்கள். லாஸ்டிங் லைனில் ஒன்பதாவது பெண் பார்கோடைக் காட்டுகிறார். திரை அப்படியே நிற்கிறது. பிழை இல்லை, செய்தி இல்லை, ஒன்றுமே இல்லை. ஸ்கேனர் ரிப்பேர் என்று ஸ்கேனரை மாற்றுவார்கள். நெட்வொர்க் என்று கேபிளை மாற்றுவார்கள். லாகின் அந்த ஒரு வரியைப் படிக்க மாட்டார்கள்.

அதற்காக எண்ணைக் கண்டபடி ஏற்றிவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது. அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியது, மீதி 97. மூன்று யூனிட்டில் மூன்று சர்வர், ஒவ்வொன்றுக்கும் 40 என்றால் 120. ஏப்ரலில் ஓடும். சீசன் ஆர்டர் வந்து மூன்று யூனிட்டும் முழு வேகத்தில் ஓடும் மாதத்தில் விழும். இந்தக் கணக்கைக் கோடு எழுதுகிறவர் போட முடியாது. எத்தனை சர்வர் ஒரே டேட்டாபேஸைத் தொடுகின்றன என்பது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. முகவரி மட்டுமல்ல, எண்ணிக்கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொரு தொல்லை காலை நேரத்தில் வரும். மைஎஸ்க்யூஎல்லில் ஒரு இணைப்பு 28,800 விநாடி சும்மா இருந்தால் டேட்டாபேஸே அதை அறுத்துவிடும். 28,800 விநாடி என்றால் எட்டு மணி நேரம். சாயங்காலம் ஏழு மணிக்குக் கணக்குப் பிரிவு கிளம்புகிறது. காலை ஒன்பதுக்கு வருகிறது. நடுவில் பதினாலு மணி நேரம். பூல் தன்னிடம் பத்து இணைப்பு உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. பத்தும் இரவிலேயே செத்துவிட்டன. முதலில் வந்து உட்காருகிறவருக்குப் பிழை வரும். இரண்டு முறை மறுபடி அழுத்தினால் சரியாகும். "சர்வர் சூடாகணும் சார்" என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருப்பார்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியிலும் இதே கதைதான். ஜாவா சர்வர் யூபிஎஸ்ஸில் இருக்கிறது, டேட்டாபேஸ் பெட்டியின் பேட்டரி போய்விட்டது என்றால், டேட்டாபேஸ் எழும்பி வந்த பிறகும் பூலில் இருப்பது செத்த இணைப்புகள்தான். மருந்து ஒன்றுதான்: கொடுப்பதற்கு முன் உயிர் இருக்கிறதா என்று சோதித்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். இந்த மருந்துக்கு டாம்கேட்டில் டெஸ்ட்ஆன்பாரோ என்று பெயர். வெப்லாஜிக்கில் டெஸ்ட் கனெக்ஷன்ஸ் ஆன் ரிசர்வ். வைல்ட்ஃப்ளையில் வேலிடேட்-ஆன்-மேட்ச், கூடவே ஒரு சோதனையாளர் கிளாஸின் பெயர். வெப்ஸ்பியர் லிபர்ட்டியில் வேலிடேஷன்டைம்அவுட். புதிய டாம்கேட்டில் இந்தச் சோதனை இயல்பாகவே நடக்கும். வைல்ட்ஃப்ளையில் நாம் எழுதினால்தான் நடக்கும். அதனால்தான் டாம்கேட்டில் ஒரு வருடம் ஒழுங்காக ஓடிய சாஃப்ட்வேர் வைல்ட்ஃப்ளைக்குப் போன மறுநாள் காலையே விழுகிறது. வைல்ட்ஃப்ளை மட்டம் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

டிரைவரைப் பற்றி இரண்டு வார்த்தை. பூலை சர்வர் நடத்துகிறதென்றால் டிரைவர் ஜாரும் சர்வரிடம்தான் இருக்க வேண்டும். வார் ஃபைலுக்குள் இன்னொரு காப்பி வைக்காதீர்கள். டிரைவரின் கிளாஸ் பெயரையும் கோடில் எழுதாதீர்கள். மைஎஸ்க்யூஎல் டிரைவரின் 8ஆம் பதிப்பில் அந்தப் பெயரின் நடுவில் 'சிஜே' என்ற இரண்டு எழுத்து புதிதாக நுழைந்தது. பெயரை சர்வர் அமைப்பில் வைத்திருந்தவர்கள் ஒரு வரியைத் திருத்தினார்கள். கோடில் வைத்திருந்தவர்கள் கம்பைல் செய்ய ஆள் தேடினார்கள்.

ஜேஎன்டிஐ என்றதும் மாணவர்களில் சிலருக்கு 2021 டிசம்பர் ஞாபகம் வந்திருக்கும். லாக்4ஜே என்ற லாக் எழுதும் நூலகத்தில் ஒரு ஓட்டை வெளிப்பட்டு உலகமே அலறியது. லாகில் எழுத வந்த வாசகத்துக்குள் ஜேஎன்டிஐ பெயர் ஒன்றை யாராவது செருகினால் அந்த நூலகம் அதைத் தேடிப் போனது. தாக்குகிறவரின் சர்வருக்கே போய் அங்கிருந்து கோடை இறக்கி ஓட்டியது. அதைப் படித்துவிட்டு ஜேஎன்டிஐயே ஆபத்து என்று சிலர் டேட்டாசோர்ஸ் பெயர்களையும் கழற்றி, மறுபடி முகவரியைக் கோடில் எழுதக் கிளம்பினார்கள். காய்ச்சலுக்குக் காலை வெட்டுவது போல! நாமே எழுதிய நிலையான பெயரை நம் சர்வருக்குள் தேடுவதில் அந்த ஆபத்து இல்லை. வெளியார் தட்டச்சு செய்த எதையும் பெயராக எடுத்துத் தேடக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து ஜகார்த்தா. 2017இல் ஆரக்கிள் ஜாவா இஇயை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. 2020 இறுதியில் வந்த ஜகார்த்தா இஇ 9இல் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறின. டாம்கேட் 10இலிருந்து புதுப் பெயர்தான். சிலர் கண்ணை மூடிக்கொண்டு எல்லா 'ஜாவாஎக்ஸ்'ஸையும் மாற்றினார்கள்; கம்பைல் ஆகவில்லை. ஏனென்றால் டேட்டாசோர்ஸ் இருக்கும் 'ஜாவாஎக்ஸ்.எஸ்க்யூஎல்', பெயர் தேடும் 'ஜாவாஎக்ஸ்.நேமிங்' இரண்டும் அடிப்படை ஜாவாவைச் சேர்ந்தவை, அவை மாறவில்லை. பழைய முறையில், வெப்.எக்ஸ்எம்எல்லில் ரிசோர்ஸ்-ரெஃப் எழுதி, கோடில் பெயரைத் தேடியவர்களுக்கு அந்தப் பகுதியில் ஏறக்குறைய வேலையே இல்லை. 1999இல் போட்ட அந்த மூன்று வரி இன்னும் செல்லுகிறது. கம்ப்யூட்டர் துறையில் இப்படி ஒன்றைச் சொல்ல முடிவது அபூர்வம்.

"சார், நாங்கள் ஸ்பிரிங் பூட் எழுதுகிறோம், சர்வரே ஜாருக்குள் இருக்கிறது, இதெல்லாம் பழைய கதை" என்று முன்வரிசை முகங்கள் சொல்வது தெரிகிறது. சர்வர் உள்ளே வந்துவிட்டது, சரி. முகவரியும் உள்ளேயே இருக்கிறதா? அப்ளிகேஷன்.ப்ராபர்ட்டீஸ் ஃபைலில் பாஸ்வேர்டை எழுதி, அதை ஜாருக்குள் கட்டி, கூடவே கிட்டிலும் ஏற்றியிருக்கிறீர்களா? அப்படியானால் 1997க்கே திரும்பிப் போயிருக்கிறீர்கள். சூழல் மாறியில் வையுங்கள். குபர்நெட்டிஸ் என்றால் அதன் சீக்ரெட்டில் வையுங்கள். பெயர் உள்ளே, முகவரி வெளியே என்ற விதி அங்கேயும் அப்படியே பொருந்தும்.

தொழிற்சாலை நண்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். சாஃப்ட்வேர் வாங்கும்போது "எந்த சர்வரிலும் ஓடும்" என்று காகிதத்தில் எழுதித் தருவார்கள். காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசித் தவணைப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். உங்கள் அறையில், உங்கள் கண் முன்னால், ஒரே வார் ஃபைலை ஒரு டாம்கேட்டிலும் ஒரு வைல்ட்ஃப்ளையிலும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டேட்டாபேஸை வேறு முகவரிக்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். நடுவில் டேட்டாபேஸை ஒருமுறை நிறுத்தி எடுங்கள். வார் ஃபைலைத் தொடாமல் இந்த மூன்றும் நடந்தால் செக்கில் கையெழுத்துப் போடுங்கள். ஒருநாள் வேலை அது.